எழுபதில் நடுங்கும் கெப்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடமும் மட்டக்களப்பில் பழைய ஹைலக்ஸையும் எல் 200ஐயும் திருத்தித் திருத்தியே ஓடினார்கள். இருபது வயது தாண்டிய கெப்புகள் இன்றும் படுவான்கரை வயல்களுக்கு உரமும் விதைநெல்லும் ஏற்றுகின்றன. மறுநாள் அதே கெப் ஹபரணை வழியாகக் கொழும்புக்குப் போகிறது. ஊருக்குள் நாற்பதில் ஓடும்வரை ஒரு குறையும் தெரியாது. புணானை தாண்டி வீதி நேராகி, வேகம் எழுபதை நெருங்கும்போது ஸ்டியரிங் இலேசாக நடுங்கும். 2022 ஜனவரியில் திறந்த குருநாகல் – மீரிகம அதிவேகப் பாதையில் ஏறித் தொண்ணூறைப் பிடித்தால் கை கடுக்கும்.

உடனே எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு: “எலைன்மன்ட் பார்த்தால் சரியாகிவிடும்.”

பெரும்பாலும் ஆகாது. எலைன்மன்ட் என்பது சில்லுகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பது பற்றியது. அது பிழைத்தால் வாகனம் ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். அப்படிச் சமனில்லாமல் தேய்ந்த டயர் பிற்பாடு அதிர்வைத் தரலாம். அப்போதும் கோணத்தைத் திருத்தினால் தேய்ந்த டயர் வட்டமாகிவிடாது. வேகத்தோடு வரும் நடுக்கத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது, சில்லின் எடையைச் சுற்றிலும் சமன் செய்யும் பெலன்சிங். இரண்டும் வேறு வேறு வேலைகள். ஒன்றுக்குக் காசு கொடுத்துவிட்டு மற்றதை எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர்.

மட்டக்களப்பு வாவிக்கரைக் கெப்புகளில் பெலன்ஸ் கெடுவதற்கு இந்த மண்ணுக்கே உரிய ஒரு காரணம் உண்டு. பெரும்போகக் காலத்தில் வயல் வரம்போரம் நின்ற வாகனத்தின் ரிம்முக்குள், உட்பக்கமாக, களிமண் அப்பிக்கொள்கிறது. இரவு நிறுத்தியதும் ஈரச்சேறு வழிந்து அடியில் சேர்ந்து காய்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சில்லு கழுவிய மாதிரியே இருக்கும். ஐம்பது கிராம் மண் என்ன செய்யும் என்று கேட்கலாம். கெப்பின் டயர் சுமார் எழுபது சென்ரிமீற்றர் விட்டம் கொண்டது. மணிக்கு 90 கிலோமீற்றரில் அது செக்கனுக்குப் பதினொரு தடவைக்கு மேல் சுற்றும். பதினாறு அங்குல ரிம்மின் ஓரத்தில் ஒட்டிய அந்த ஐம்பது கிராம், ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து கிலோ எடைக்குச் சமமான விசையால் சில்லை வெளியே இழுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 45இல் இதே மண் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல்தான் இழுக்கும் என்பதால் ஊருக்குள் யாரும் உணர்வதில்லை. ஆகவே பெலன்சிங்குக்குப் போகுமுன் சில்லைக் கழற்றி உட்புறத்தைச் சுரண்டிக் கழுவ வேண்டும். மண்ணோடு பெலன்ஸ் பார்த்து ஈயக்கட்டி அடித்தால், மண் உதிரும் நாளில் ஈயமே குறையாகிவிடும்.

சில்லைக் கழற்றிய கையோடு ஹப்பின் முகத்தையும் பார்ப்பது நல்லது. கிரான் – புலிபாய்ந்தகல் வீதி போல மாரிதோறும் வெள்ளம் ஏறும் பாதைகளும், வாவியின் உவர்நீரும் அங்கே கறளைக் கட்டிவிடுகின்றன. கறள் மேட்டின்மேல் பூட்டிய ரிம் நேராக உட்காராது. கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைக்கும் பத்து நிமிட வேலை இது.

“எண்பதில் நடுங்குகிறது, நூறில் போய்விடுகிறது, அப்படியென்றால் பெரிய குறை இல்லை” என்று ஆறுதல் கொள்பவர்களும் உண்டு. போவதில்லை. சில்லுக்கும் சஸ்பென்ஷனுக்கும் இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. சுற்றும் வேகம் அதோடு பொருந்தும்போது நடுக்கம் பெருத்துத் தெரியும், தாண்டியதும் தணிந்ததுபோல் இருக்கும். இழுக்கும் விசையோ வேகத்தோடு கூடிக்கொண்டேதான் போகும். அதைச் சுமப்பவை பெயாரிங்கும் போல் ஜொயின்ட்டும்.

நடுக்கம் ஸ்டியரிங்கில் என்றால் பெரும்பாலும் முன்சில்லு, ஆசனத்தில் என்றால் பின்புறம். காசு செலவில்லாத சோதனை, முன்சில்லுகளைப் பின்னுக்கு மாற்றிப் பூட்டி அதே வீதியில் அதே வேகத்தில் ஓடிப் பார்ப்பது. நடுக்கம் கையிலிருந்து ஆசனத்துக்கு இடம்பெயர்ந்தால் குற்றவாளி சில்லோ டயரோதான். எந்தப் பாகமும் வாங்குமுன் இதைச் செய்யாமல் விடக்கூடாது.

இடம்பெயராமல் ஆசனத்திலேயே நின்று, நடுக்கத்தோடு ஓர் உறுமலும் கேட்டால் அடியில் ஓடும் புரொப்பலர் ஷாப்டைச் சந்தேகிக்கலாம். அது சில்லைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. அதன் முனைகளில் மூட்டாக இருக்கும் குரொஸ் ஒவ்வொன்றும், கோணத்தில் சுழலும்போது, ஒரு சுற்றில் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறுமுனைக் குரொஸ் அதைச் சமன் செய்யும். அதற்கு இரு முனைகளின் கோணமும் ஒத்திருக்க வேண்டும். நெல் மூட்டை அதிகம் ஏற்றவென்று பின்னால் மேலதிக ஸ்பிரிங் பட்டை போட்ட கெப்புகளில் இந்தக் கோணம் மாறிவிடுகிறது. “பட்டை போட்டதற்கும் அதிர்வுக்கும் என்ன சம்பந்தம்” என்று கேட்பவர்களுக்கு இதுதான் சம்பந்தம். இன்னொன்று: ஷாப்டைக் கழற்றும்போது பொருந்தும் இடங்களில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளாமல், நடு இணைப்பில் ஒரு பல் மாற்றிப் பூட்டினாலே முன்பில்லாத நடுக்கம் வந்துவிடும். கிறீஸ் நிப்பிள் உள்ள குரொஸ்களுக்கு வெள்ளத்தில் இறங்கிய ஒவ்வொரு முறைக்குப் பிறகும் கிறீஸ் அடிக்க வேண்டும்.

எஞ்சினைக் குறை சொல்லுமுன், ஆளில்லா நேர்வீதியில் அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பார்க்கலாம். எஞ்சின் சுற்று மாறியும் நடுக்கம் மாறாவிட்டால் எஞ்சின் மவுண்டை மாற்றுவது வீண்செலவு. பிரேக் மிதித்தால் மட்டும் நடுங்குவது வேறு கதை, அது பெரும்பாலும் முன் டிஸ்க்கின் குறை. பெலன்சிங் அதைத் தொடாது.

மிக ஆபத்தான நம்பிக்கை டயரைப் பற்றியது: “கட்டை நிறைய இருக்கிறது, டயர் புதுசு மாதிரி.” வயலுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் கெப்பில் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் முதுமையடைகிறது. அதன் வயது பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களாக இருக்கிறது: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரம். உள்ளே அடுக்குகள் பிரியத் தொடங்கிய டயரை எந்தப் பெலன்சிங் இயந்திரமும் திருத்தாது. ஜக் வைத்துத் தூக்கி, டயரின் அருகில் ஒரு குச்சியை அசையாமல் நிறுத்திச் சில்லை மெதுவாகச் சுற்றினால், ஓரிடத்தில் மட்டும் இடைவெளி குறைவது கண்ணுக்கே தெரியும். ரீபில்ட் டயர்களில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். புடைப்புத் தெரிந்தால், அல்லது நேற்றுவரை இல்லாத நடுக்கம் இன்று திடீரென வந்தால், வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தி, முதலில் சில்லு நட்டுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்து, புடைத்த டயரை அங்கேயே கழற்றிவிட்டு ஸ்பெயார் சில்லைப் பூட்ட வேண்டும்.