பழைய வட்டைக் கழற்றினால் கணினி ஏன் இயங்கவில்லை?

மாணவர்களே, புதிய எஸ்எஸ்டி வட்டில் விண்டோஸ் நிறுவினீர்கள். கணினி நன்றாக இயங்கியது. பழைய வன்தட்டைக் கழற்றியதும் தொடங்க மறுக்கிறது. ஏன்?

கணினியை முடுக்கியதும், தாய்ப்பலகையிலுள்ள யூஇஎஃப்ஐ நிரல் முதலில் விண்டோஸைத் தேடுவதில்லை. இஎஃப்ஐ எனும் சிறு பகுதியிலுள்ள தொடக்க நிரலையே தேடுகிறது. பெரும்பாலும் 100 மெகாபைட் அளவுள்ள இப்பகுதி பழைய வட்டில் ஏற்கெனவே இருந்தால், விண்டோஸ் நிறுவும்போது அதையே பயன்படுத்திக்கொள்ளக்கூடும். வீடு புதிய வட்டில். சாவி பழைய வட்டில்!

அஞ்ச வேண்டாம், கோப்புகள் அழியவில்லை. பழைய வட்டை மீண்டும் பொருத்தினால் கணினி இயங்கும். ஆனால், அதை அழித்துவிட்டால் சாவியும் போய்விடும். எனவே, அழிக்கும் முன் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் இஎஃப்ஐ பகுதி எந்த வட்டில் உள்ளது எனப் பாருங்கள்.

அடுத்த முறை விண்டோஸ் நிறுவும் முன், மின்சாரத்தைத் துண்டித்துப் பழைய வட்டைக் கழற்றி வையுங்கள்.