நாலு பந்தும் ஒரு வாளும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அஞ்சு பந்து கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று, ரெண்டே வாரத்தில் பழகிய தீப்பந்தத்துக்குத்தான் விசில் பறந்தது என்று பள்ளி ஆண்டு விழாவைப் பற்றி எழுதியிருக்கிறாய். ‘அப்போ எதுக்கண்ணா அஞ்சு பந்து?’ என்று கேட்டிருக்கிறாய். கூடவே, ‘நம்ம ஊர் ஜனத்துக்கு ரசனை பத்தாது’ என்றும் ஒரு வரி. கேள்வி சரியான கேள்வி. அந்த வரியை மட்டும் அடித்துவிடு.

இந்த வருத்தத்துக்கு வயது இருநூறு ஆகிறது. 1810-களில் லண்டன் மேடைகளில் ‘ராமோ சாமி’ என்று ஒருவர் வித்தை காட்டினார். நம் பக்கத்து ராமசாமி யாரோதான், பெயரே சொல்கிறது. 1819-ல் அமெரிக்கா வரை போய் ஆடியவர். அந்தக் காலத்தில் லண்டனில் ஆடிய இந்திய வித்தைக்காரர்களைப் பற்றி வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் எழுதியது 1821-ல் புத்தகமாக வந்தது. அவர் பார்த்தது ராமசாமியின் ஆட்டத்தைத்தான் என்று பலரும் சொல்வார்கள். வெள்ளை உடை, இறுக்கிக் கட்டிய தலைப்பாகை, தரையில் சம்மணம். ரெண்டு பித்தளை உருண்டையில் தொடங்கி நாலில் முடிகிறது. உருண்டை ஆட்டம் அவ்வளவுதான். அதைப் பார்த்துவிட்டு ஹாஸ்லிட் வெட்கப்பட்டுப் போகிறார். இத்தனை வருஷம் எழுதியும் தன்னால் இப்படிப் பிசிறில்லாத ஒன்றைச் செய்ய முடியவில்லையே என்று. பந்து போடுகிறவனுக்குத் தப்பு உடனே தெரிந்துவிடும், உருண்டை கீழே விழும். கட்டுரையில் விழுந்தது யாருக்கும் தெரியாது என்பது அவர் வாதம்.

ஆனால் ராமசாமியின் பெயரை லண்டன் முழுக்கப் பரப்பியது அந்த நாலு உருண்டை அல்ல, அவர் விழுங்கிக் காட்டிய வாள். ஹாஸ்லிட்டுக்கு வாள் விழுங்குவது கொஞ்சமும் பிடிக்கவில்லை, போலீஸ் வந்து தடுக்க வேண்டும் என்றே எழுதுகிறார். அவர் பிடிக்காமல் எழுதினார், கூட்டம் பிடித்து வந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் மேடையில் இருந்த அந்த மனிதர் 1850-ல் லண்டனிலேயே இறந்தபோது அடக்கச் செலவுக்குக்கூடக் காசில்லை, மனைவி பத்திரிகை வழியாக உதவி கேட்டார். ஆக, வாளும் சோறு போட்டு முடிக்கவில்லை. இதையும் மனதில் வைத்துக்கொள்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. இன்னொரு தடவை பார்த்தபோது ஆட்டக்காரரின் காலில் செருப்பில்லை, கால்விரல்களில் பெரிய வளையங்கள். மேலே உருண்டைகள் பறக்கும்போது கீழே அந்த வளையங்கள் தானாகச் சுழல்வது போலச் சுழன்றுகொண்டிருந்தனவாம். அவை இல்லாவிட்டாலும் நாலு உருண்டை நாலுதான். ஆனால் அந்த வளையம்தான் ‘இந்த மனிதருக்கு இது சிரமமே இல்லை’ என்று பார்ப்பவனுக்குச் சொல்கிறது. கைவேலையும் காட்சியும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் இருந்த இடம் அது.

இப்போது உன் ஜனத்துக்கு வருகிறேன். காற்றில் அஞ்சு பந்து பறப்பதைப் பழகாத கண்ணால் எண்ண முடியாது. மூணைக் கண் பிரித்துப் பார்க்கும், நாலில் தடுமாறும், அதற்கு மேல் எல்லாமே ‘நிறைய’. நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவே நீ கொட்டிய எட்டு மாதம் கடைசி வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு எப்படித் தெரியும்? நெருப்பு அப்படியில்லை. அடுப்பில் கை சுட்டுக்கொள்ளாதவர் யார்? அந்த வித்தை அவருக்குப் புரிந்தது, விசில் அடித்தார். புரியாததைப் புரியவைப்பது நம் வேலை.

அதைக் கற்றுக்கொள்ள நீ லண்டனுக்கும் போக வேண்டாம், யூடியூபுக்கும் போக வேண்டாம். நம் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது அர்ச்சுனன் தபசு அன்றைக்குப் போய் நில். நெட்டுக்குத்தாக நட்ட மரம், உச்சியில் ஒரு சின்னப் பரண். கால் பழகிய ஆளுக்கு ஏறுவது பெரிய காரியமில்லை, விறுவிறுவென்று போய்விடலாம். ஆனால் கூத்துக்காரர் அப்படி ஏறுவதில்லை. ஒரு படிக்கு ஒரு பாட்டு. பாடி முடித்து, கீழே கூட்டத்தைப் பார்த்து, மிருதங்கக்காரர் தட்டி முடிக்கும்வரை நின்று, பிறகுதான் அடுத்த படி. வேஷம் கட்டிய உடம்பு, தலையில் கிரீடம், வெயில். அவர் ஏற ஏறக் கழுத்துகள் எல்லாம் பின்னால் சாய்கின்றன. மேலே போனதும் எலுமிச்சம்பழம், வில்வம், பூ, விபூதி என்று வீசுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப் புடவையோடு முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். நீயும் நானும் வீசிப் பிடிக்கிறோம்; அங்கே வீசுவது ஒருவர், பிடிப்பது ஊர். ஒரு பழம் முந்தானைக்குள் விழும்போது எழும் சத்தத்தை எந்த மேடையிலும் நான் வாங்கியதில்லை.

காட்சி என்றால் பளபளக்கிற சட்டை என்று பலர் நினைக்கிறார்கள். நேரத்தைக் கையில் வைத்திருப்பதுதான் காட்சி. எங்கே நிற்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும், எப்போது அடுத்த படி.

ஆனால் ஒன்று பார்: அந்தக் கூத்துக்காரரால் நடுமரத்தில் நின்று பாட முடிகிறதே, எதனால்? காலைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. அஞ்சு பந்து எதற்கு என்று கேட்டாயே, இதற்குத்தான். மூணு பந்து மட்டும் தெரிந்தவள் மூணு பந்து போடும்போது அவள் கண் முழுக்க மேலேயே இருக்கும், வாய் லேசாகத் திறந்திருக்கும். அஞ்சு தெரிந்தவள் மூணு போட்டால் தலையைத் திருப்பலாம், சிரிக்கலாம், முதல் வரிசைக் குழந்தையிடம் பெயர் கேட்கலாம். கிளாட் ஷானன் என்ற கணித மேதை, இன்றைக்கு உன் போன் வேலை செய்வதற்கு அடிப்படை போட்டவர், தானும் பந்து போட்டவர். பந்து பறக்கும் நேரம், கையில் தங்கும் நேரம், கை காலியாக இருக்கும் நேரம் மூன்றையும் முடிச்சுப் போட்டு ஒரு சூத்திரம் எழுதினார். அதே உயரத்தில் பந்தைக் கூட்டிக்கொண்டே போனால் கை காலியாக இருக்கும் நேரம் குறைந்துகொண்டே வரும். அந்த நெருக்கடியில் ஒன்றரை வருஷம் வாழ்ந்துவிட்டு மூணுக்குத் திரும்பும்போது உனக்கு நேரம் மீதமாகிறது. அந்த மீதத்தில்தான் ஆட்டமே இருக்கிறது.

உலகத்தில் பெரிய கைகளும் இதைத்தான் செய்திருக்கின்றன. இத்தாலியர் என்ரிகோ ராஸ்டெல்லி பத்து பந்து போட்டவர், 1931-ல் முப்பத்தைந்து ஆகும் முன்பே போய்விட்டார். அவரே கூட்டத்திடம் பந்தைக் கொடுத்துத் தன் பக்கம் எறியச் சொல்லி, வாயில் கவ்விய குச்சியின் நுனியில் அதை ஏந்துவார். ஜெர்மனிக்காரர் பிரான்சிஸ் புருன் பொருள்களைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் ஒற்றைப் பந்தை வைத்தே அரங்கைக் கட்டிப்போட்டார். தொடக்கத்திலேயே ஒற்றைப் பந்தோடு நின்றிருந்தால் அது நடந்திருக்காது.

நம்மிடமும் இருந்தது. பெருங்கதையில் அரண்மனைப் பெண்களின் பந்தடிப் போட்டி வருகிறது. ஒருத்தியை ஒருத்தி எண்ணிக்கையில் மிஞ்சிக்கொண்டே போகிறார்கள், மானனீகை எல்லோரையும் தாண்டுகிறாள். எண்ணுகிற ஆசை நமக்கும் புதிதில்லை. அம்மானை வேறு வகை. காய் மேலே போகும், கூடவே பாட்டு. ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி மடக்க, மூன்றாமவள் சிலேடையாகப் பதில் சொல்ல, கேட்பவர்கள் சிரிப்பது அந்தப் பதிலுக்கு. கை தன் பாட்டுக்கு வீசிப் பிடித்துக்கொண்டிருக்கும். உன் பாட்டி அஞ்சாங்கல் ஆடும்போது வம்பும் பேசியிருப்பாள், கேட்டுப் பார்.

சில்லறை விஷயங்கள் சில. வேண்டுமென்றே தடுமாறி, விழப் போவது போல் காட்டிப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஒரு ஆட்டத்தில் ஒரு முறை, பந்தில் மட்டும். ரெண்டாவது முறை குழந்தைகளே கண்டுபிடித்துவிடும். தீயில் ஒருபோதும் கூடாது. அங்கே ஜனம் நிஜமாகவே பயப்படுகிறது, அந்தப் பயத்தோடு விளையாடுவது எனக்கு அருவருப்பு. பந்து நிஜமாகவே விழுந்தால் முகத்தைச் சுருக்காதே. விழுந்தது ஒரு வினாடியில் மறந்துபோகும், நீ முகம் சுருக்கியது மறக்காது. காலால் எத்தி எடுக்கப் பழகு. தீப்பந்தத்துக்குப் பெட்ரோல் வேண்டவே வேண்டாம். நைலான் துப்பட்டாவைக் கழற்றி வை, பருத்தி உடுத்து, பக்கத்தில் நனைத்த கோணிச் சாக்கோடு ஒரு ஆள் நிற்கட்டும். நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ‘ரெண்டு நிமிஷம்தானே’ என்பார். ஆள் இல்லாமல் பற்றவைக்காதே.

அடுத்த மாதக் கல்யாண வரவேற்புக்கு வரிசையை இப்படி மாற்று. மூணு பந்தை முதலில், பம்பைக்காரரின் தாளத்தோடு, பிடிக்கும் ‘டப்’ சத்தம் காதில் விழும்படி. பிறகு நாலாவதைக் கையில் தூக்கிக் காட்டு, சும்மா எடுத்துப் போடாதே. அஞ்சாவதை மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் யாரிடமாவது முன்னாலேயே கொடுத்து வைத்திரு. அவரிடமிருந்து கேட்டு வாங்கு. அப்போது பம்பையை நிறுத்தச் சொல். பத்துப் பன்னிரண்டு வீச்சு போதும், கூட்டத்தை வாய்விட்டு எண்ண வை. எண்ண ஆரம்பித்தவன் அஞ்சு பந்தைப் பார்க்க ஆரம்பிப்பான். தீ கடைசியில் இருக்கட்டும், அதற்கு விசில் விழுந்தால் வாங்கிக்கொள், கோபப்படாதே.

மண்டபத்துக்கு முந்தின நாளே போய்க் கூரையைப் பார். பந்து ஒரு வினாடி பறக்கக் கைக்கு மேல் ஏறக்குறைய 1.2 மீட்டர் வேண்டும். பறக்கும் நேரம் ரெண்டு மடங்காக வேண்டுமென்றால் உயரம் நாலு மடங்கு. பெரும்பாலான மண்டப மேடைகளில் பொண்ணு மாப்பிள்ளை நாற்காலிக்கு நேர் மேலே மின்விசிறி தொங்கும். அதை நிறுத்தச் சொல்லி மேனேஜரிடம் முதலிலேயே பேசி வை, பிறகு அட்வான்ஸ் வாங்கு.

அன்புடன்,
அண்ணன்