கடைசி வகுப்பு மேடையேறிய கதை

சென்ற ஆண்டு கிள்ளானில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளிக்கு அலுவல் காரணமாகச் சென்றிருந்தேன். மூன்றாம் படிவ மாணவர்கள் சிலர் படிக்கட்டில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். “எந்த வகுப்பு?” என்று கேட்டேன். யாரும் வகுப்பின் பெயரைச் சொல்லவில்லை. “கடைசி வகுப்பு, டீச்சர்” என்றான் ஒருவன். சொல்லிவிட்டுச் சிரித்தான். உடனிருந்தவர்களும் சிரித்தனர்.

அன்றிரவு நான் மீண்டும் பார்த்த படம் ‘அடிவிராகு’. ‘என் மாவீரர்’ என்பது அதன் பொருள். எரிக் ஓங் இயக்கிய இந்த மலாய்ப் படம் 2017இல் வெளிவந்தது. கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு அருகில் உள்ள பினாங் துங்கால் இடைநிலைப்பள்ளியில் நடந்த உண்மைக் கதை இது. ‘டீச் ஃபார் மலேசியா’ திட்டத்தின்வழி அங்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவர் செரில் ஆன் பெர்னாண்டோ. அவராக நடித்திருப்பவர் சங்கீதா கிருஷ்ணசாமி. அடுத்த ஆண்டு வந்த ‘வெடிகுண்டு பசங்க’ தமிழ்ப்படத்திலும் அவரைப் பார்த்திருப்பீர்கள்.

ஆங்கிலம் என்றாலே ஒதுங்கும் மாணவர்களை ‘கோரல் ஸ்பீக்கிங்’ போட்டிக்கு ஆயத்தப்படுத்த அந்த ஆசிரியர் முடிவு செய்கிறார். மாணவர்கள் கூட்டமாக மேடையில் நின்று, முன்னால் நிற்கும் நடத்துநரின் கையசைவுக்கேற்ப ஏற்ற இறக்கத்தோடு ஒரே குரலாகப் பேசும் போட்டி அது. இத்தகைய ஆங்கிலப் போட்டிகளுக்குப் பொதுவாக யாரைத் தேர்ந்தெடுப்போம்? நன்றாகப் பேசத் தெரிந்தவர்களைத்தான். முதல் வகுப்பிலிருந்து ஐவர், இரண்டாம் வகுப்பிலிருந்து மூவர் என்று பொறுக்குவோம். தடுமாறுபவர்கள் மண்டபத்தில் அமர்ந்து கைதட்டுவார்கள். இப்படிச் செய்ய வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. எழுதி வைத்த விதியாக இருந்தால் ஒரு கடிதத்தில் மாற்றிவிடலாம். வழக்கமாகிவிட்டதை மாற்றுவதுதான் கடினம். நானும் ஆசிரியராக இருந்தபோது அப்படித்தான் பொறுக்கினேன்.

அவர் இந்தப் போட்டியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பேச்சுப் போட்டியில் மாணவன் தனியாக நிற்க வேண்டும். ஒரு சொல் தவறினாலும் அனைவர் கண்ணும் அவன் மேல்தான். குழுவாகப் பேசும்போது பக்கத்தில் நிற்பவனின் குரல் நம் குரலைத் தாங்கிக்கொள்ளும். தனியாகச் சொல்லத் துணியாத சொல்லைப் பலரோடு சேர்ந்து சொல்லிவிடலாம். பலமுறை சொன்னபின் அது நாவுக்குப் பழகிவிடும். அதே வேளையில், ஒருவர் பயிற்சிக்கு வராவிட்டாலும் அவர் நிற்க வேண்டிய இடம் காலியாகத் தெரியும். ‘நான் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன’ என்று இருந்த பிள்ளைக்கு அது புதிய அனுபவம் அல்லவா? மாணவர்களின் வீட்டு வறுமையையும் படம் மறைக்கவில்லை. சில காட்சிகளில் இசை நம்மை அழ வைக்கச் சற்று அதிகமாகவே முயல்கிறது என்பது என் குறை.

அந்தக் குழு முதற்பரிசு வெல்லவில்லை. வென்றிருந்தால் இது மற்றுமொரு வெற்றிக் கதையாகப் போயிருக்கும். 29ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்திற்கான விருது ‘அடிவிராகு’வுக்குக் கிடைத்தது, சங்கீதா சிறந்த நடிகையாகத் தேர்வு பெற்றார்.

இப்படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய தமிழ்ப்படம் ஒன்று உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 இறுதியில் வெளிவந்த ‘ஜகாட்’. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் புறம்போக்கு வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு, 1990களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. அதில் வரும் அப்போய் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் குறும்புக்காரன், கற்பனை நிறைந்தவன். அந்தக் கற்பனைக்குப் பள்ளியில் மதிப்பில்லை. வீட்டில் தந்தையின் கண்டிப்பு. வெளியிலோ குண்டர் கும்பலின் ஈர்ப்பு. அவனை அழைத்து மேடையில் நிறுத்த ஓர் ஆசிரியர் கிடைக்கவில்லை. அப்போய்க்குச் செரில் போன்ற ஒருவர் வாய்த்திருந்தால் அவன் கதை எப்படிப் போயிருக்கும்? இரண்டு படங்களையும் பார்த்தபின் வகுப்பில் கலந்துரையாடுங்கள்.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் பிடி3 தேர்வு 2022இலும் அகற்றப்பட்டுவிட்டன. ஆயினும் ‘கடைசி வகுப்பு’ என்ற சொல் இன்னும் மாணவர் வாயில் இருக்கிறது.

கிள்ளான் பள்ளியில் அன்று புறப்படுமுன், படிக்கட்டில் இருந்த அந்தப் பையனிடம் இன்னொரு கேள்வியும் கேட்டேன்: “நீ எந்தப் போட்டியிலாவது கலந்துகொண்டது உண்டா?”

அவன் இம்முறை சிரிக்கவில்லை.

“எங்கள யாரும் கேட்டதில்ல, டீச்சர்.”