குரு வேண்டுமா, புத்தகம் போதுமா?

கேள்வி: பண்டிதரே, குரு என்று யாரும் இல்லாமல் தானாகவே பக்தியில் தேற முடியாதா? எங்கள் ஊருக்கு வரும் ஒருவர் தீட்சைக்கு 2,000 ரூபாய் கேட்கிறார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: முடியும் என்பதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி ரமணர். 1896-ல், 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்தவருக்கு மனித குரு கிடையாது. ஆனால் பலர் கவனிக்காத ஓர் இடம் அந்தக் கதையில் உண்டு. கூடவே இருந்து பணிவிடை செய்த பழனிசாமி மலையாளி. ஊருக்குள் போய் வேதாந்த நூல்களை இரவல் வாங்கி வந்து, தமிழை எழுத்துக்கூட்டித் திணறுவார். பார்க்கப் பொறுக்காமல் ரமணரே வாங்கிப் படித்துச் சாரத்தைச் சொல்வார். தமக்கு ஏற்கெனவே நேர்ந்துவிட்டதற்கு நூல்களில் பெயரும் விளக்கமும் இருப்பது அப்படித்தான் அவருக்குத் தெரியவந்தது. 'மகரிஷி' என்று 1907-ல் அவரை அழைத்ததும் ஒரு பண்டிதர்தான்: காவ்யகண்ட கணபதி முனிவர்.

ராமானுஜர் வேறு ரகம். திருமந்திரத்தின் பொருள் கேட்க, ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு 18 முறை நடந்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. கேட்ட கையோடு, ரகசியம் காக்கச் சொன்ன குரு திருக்கோஷ்டியூர் நம்பியின் கட்டளையை மீறி ஊரறியச் சொல்லிவிட்டார். அத்தனை நடை நடந்தவருக்குத்தான் மீறும் உரிமையும் வந்தது என்று எனக்குத் தோன்றும். கோபித்த நம்பியே பிறகு அவரை 'எம்பெருமானார்' என்று கொண்டாடினார்.

உங்கள் தீட்சைக்காரர் விஷயம்: நம்பி 17 முறை திருப்பி அனுப்பினாரே தவிர, கட்டணம் கேட்டதாகக் கதையில் இல்லை.