பாட்டியின் இரத்தச் சீட்டு

அடுத்த வீட்டுப் பாட்டி ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, "இதிலே என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்கடி" என்று ஒரு சீட்டை நீட்டினார். அது இரத்தப் பரிசோதனைச் சீட்டு. மாதவிலக்கு நின்று பத்து ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் உதிரம் பட்டதை வெட்கத்தால் நான்கு மாதம் மறைத்து, பிறகே மருத்துவரிடம் போயிருந்தார். கர்ப்பப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் இருக்குமோ என்று மருத்துவர் ஐயுற்றார். "ரத்தத்திலேயே தெரிஞ்சுடாதா?" என்றார் பாட்டி. அக்கேள்விக்கு நாங்கள் தேடிய விடையே இக்கட்டுரை.

இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் பலவகை. ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1870களின் இறுதியில் அவற்றுக்குச் சாயம் ஏற்றி வகை பிரித்தார். அவற்றுள் நியூட்ரோபில்கள் காயம்பட்ட இடத்திற்கு முதலில் ஓடிவருபவை. லிம்போசைட்டுகளோ பகைவனை அடையாளம் கண்டு அழிப்பவை. புற்றணுக்களைக் கொல்வதும் இவற்றுள் ஒரு பிரிவே. கட்டி உள்ள இடத்தில் நியூட்ரோபில்கள் சிலவேளை கட்டிக்கே ஊட்டம் தரும் பொருள்களைச் சுரந்துவிடுகின்றன. வீட்டுக்காவலன் திருடனுக்குச் சோறு போட்ட கதைதான்!

ஆகவே முன்னதைப் பின்னதால் வகுத்துப் பார்க்கிறார்கள். அந்த விகிதம் உயர்ந்திருந்த பெண்களுக்கு இந்நோய் சராசரியாகக் கடுமையாக இருந்ததெனப் பல ஆய்வுகள் கண்டுள்ளன. பாட்டியின் சீட்டில் நியூட்ரோபில் 72, லிம்போசைட் 18. வகுத்தால் 4. எங்களுக்குத் திக்கென்றது. நல்லவேளை, பாட்டியிடம் வாய் திறக்கவில்லை. ஏனெனில் அன்று அவருக்குக் காய்ச்சலும் இருமலும் இருந்தன. சாதாரணக் காய்ச்சலிலும் இவ்விகிதம் ஏறும். எத்தனைக்கு மேல் ஆபத்து என்பதும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

லிம்போசைட்டுகளுக்கு ஒரு தடைக்கட்டையும் உண்டு. ஜப்பானில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு 1992-இல் அதைக் கண்டறிந்தது. 2018-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புற்றணு அக்கட்டையை அழுத்தி லிம்போசைட்டை ஓயச் செய்கிறது. அதை விடுவிக்கும் மருந்துகள் முற்றிய நிலையில் சிலருக்குப் பயன்படுகின்றன. யாருக்குப் பயன்படும் என்பதை இரத்தத்திலிருந்தே அறிய முயல்கிறார்கள். இப்போதைக்கு அதைச் சொல்வது கட்டியின் சதையே.

நோய் இருக்கிறதா என்று சொல்வதும் சதைதான். மாதவிலக்கு நின்றபின் உதிரம் படுவோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே இப்புற்றுநோய். ஆனால் அவ்வயதில் இந்நோய் கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உதிரம் பட்டிருக்கிறது. எந்த இரத்தச் சீட்டும் இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை.

பாட்டிக்கு உட்படலத்திலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். அறுவைக்கு முன் மீண்டும் இரத்தம் எடுத்தபோது காய்ச்சல் தணிந்திருந்தது. நியூட்ரோபில் 60, லிம்போசைட் 30. விகிதம் 2-க்கு இறங்கிவிட்டது, கட்டி மட்டும் அப்படியே இருந்தது. வெளியே பரவாததால் கர்ப்பப்பையை அகற்றினார்கள். இரண்டாவது சீட்டையும் நாங்கள்தான் படித்துச் சொன்னோம்.