கட்டணமில்லாச் சட்ட உதவி: நம் வட்டத்து அங்கத்தினர் அறிய வேண்டியவை

தறியை விற்றுத்தான் வழக்காட வேண்டும் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. வரப்புத் தகராறாயினும், கூலிப் பாக்கியாயினும், கடன்காரனின் நோட்டீசாயினும், கையில் பணம் சேரட்டும் என்று காத்திருந்து, காலக்கெடு கடந்தபின் வக்கீலைத் தேடிப் போகும் அங்கத்தினர் பலர். கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறத் தொடுக்கும் வழக்குகளுக்கு 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டுகளே தவணை தந்துள்ளது. பணமில்லை என்பதற்காகக் கடிகாரம் நிற்பதில்லை. ஆகவே பணம் செலவிடாமல் ஆலோசனை பெறும் வழிகளை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். நம் ஊரிலுள்ள வழியை முதலிலும், பிழைப்பை நாடிப் பட்டணத்துக்கும் அயல்நாட்டுக்கும் செல்வோருக்கு உரியதைப் பின்னரும் காண்போம்.

இந்தப் பாடத்துக்கு நம் வட்டத்திலேயே ஒரு சரித்திரம் உண்டு. 1993ஆம் ஆண்டில் கம்மாபுரம் காவல் நிலையத்தார், முதனை கிராமத்தைச் சேர்ந்த ராஜாகண்ணு என்ற ஏழைத் தொழிலாளியைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் பிடித்துச் சென்றனர். அவர் வீடு திரும்பவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்று காவலர் கூறினர். எழுத்தறிவோ கைப்பொருளோ இல்லாத அவர் மனைவி, கணவனைக் கண்டுபிடித்துத் தர வேண்டுமெனச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார். அவருக்காக வாதாடிய வழக்கறிஞர் கே. சந்துரு கட்டணம் எதுவும் பெறவில்லை. ராஜாகண்ணு காவலில் அடித்துக் கொல்லப்பட்டார் என்பது வெளிப்பட்டது. 2006இல் உயர் நீதிமன்றம் காவலர்களுக்குத் தண்டனை விதித்தது. சந்துரு பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியானார். 2021இல் வெளிவந்த 'ஜெய் பீம்' திரைப்படம் இவ்வழக்கைத் தழுவியதென்பதைப் பலர் அறிவர்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி அளிப்பது அரசின் கடமை என்று 1976இல் செய்யப்பட்ட நாற்பத்திரண்டாவது திருத்தம் அரசியலமைப்பில் 39-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதற்கென 1987இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 1995ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதியன்றுதான். முதனைக் குடும்பத்துக்குத் துன்பம் நேர்ந்தபோது சட்டம் காகிதத்தில் இருந்தது. அதன்படி நாடெங்கும் அமைய வேண்டிய ஆணைக்குழுக்கள் பிறக்கவில்லை. ஒரு நல்ல வழக்கறிஞர் முன்வந்ததால் வழக்கு நடந்தது. அத்தகைய ஒருவரை எல்லோரும் சந்தித்துவிட முடியுமா? இன்று அந்த உதவியை உரிமையாகக் கேட்கலாம் என்பதே பெரிய மாறுதல்.

மாநில ஆணைக்குழு சென்னையில் உள்ளது. மாவட்ட ஆணைக்குழு கடலூரில், மாவட்ட நீதிபதியின் தலைமையில் இயங்குகிறது. அதன் கீழே வட்டந்தோறும் வட்டச் சட்டப்பணிகள் குழு உண்டு. நம் வட்டத்துக்குரிய குழுவை விருத்தாசலம் நீதிமன்ற வளாகத்திலேயே விசாரித்து அறியலாம். அவ்விடத்தில் பணிபுரியும் மூத்த நீதிபதியே அதன் தலைவர். நேரில் செல்ல இயலாதவர் 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். மனு எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொள்வர். வாசலில் நின்று "நான் எழுதித் தருகிறேன், இருநூறு கொடு" என்பவரிடம் போக வேண்டிய அவசியமே இல்லை.

உதவிக்கு உரியவர் யார் என்பதைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர், தொழிற்சாலைத் தொழிலாளர், வெள்ளம், வறட்சி, சாதிக் கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. வசதியுள்ள வீட்டுப் பெண்ணாயினும் பெண் என்ற காரணத்தாலேயே கேட்கலாம். நம் சங்கங்களில் பாவு ஓடுவதும் நூல் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்களாயிருக்க, இவ்வொரு விதியை அவர்கள் அறியாதிருப்பது வருந்தத்தக்கது. நம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையடியில் உழைப்போரும் தொழிலாளர் என்ற முறையில் கேட்டுப் பார்க்க வேண்டும். இவ்வகைகளுள் சேராத சிறு விவசாயியும் நெசவாளியும் வருமானத்தைக் காட்டி உதவி பெறலாம். அந்த வரம்பை மாநில அரசு விதிகளால் அவ்வப்போது மாற்றுவதாகையால், மனுச் செய்யும் நாளில் நடப்பிலுள்ள தொகையைக் குழுவிடமே கேட்டுக்கொள்க. வருமானத்துக்கு அத்தாட்சியாக மனுதாரரின் பிரமாண வாக்குமூலத்தையே ஏற்கலாம் என்று 13ஆம் பிரிவு இடந்தருகிறது. வழக்கில் முகாந்திரம் இருக்கிறதா என்பதை மட்டும் குழு பார்க்கும்.

வக்கீல் கட்டணம், கோர்ட்டுக் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, தீர்ப்பின் நகல் ஆகியவை இவ்வுதவியில் அடங்கும். வழக்கே வேண்டாம், சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால் போதும் என்பவருக்கு ஆலோசனையும் உண்டு. குழு நியமித்த வக்கீல் உங்களிடம் கட்டணமோ அன்பளிப்போ கேட்கலாகாது. கேட்டால் அதே குழுவிடம் முறையிடலாம். இலவச வக்கீல் சிரத்தையாக வாதாடமாட்டார் என்ற பேச்சு ஊரில் உலவுகிறது. சில இடங்களில் அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். அதற்குப் பரிகாரம், தேதிதோறும் கோர்ட்டுக்குப் போய் என்ன நடந்தது என்று கேட்பதும், திருப்தியில்லையேல் வேறு வக்கீலை நியமிக்கும்படி எழுத்தில் வேண்டுவதுமாகும். காசு கொடுத்து அமர்த்திய வக்கீலிடமும் இதே விழிப்பு வேண்டியதுதானே!

மக்கள் நீதிமன்றத்தைப் பற்றி ஒரு சொல். இரு தரப்பும் சம்மதித்து அங்கே முடிவு செய்துகொண்டால் அம்முடிவு சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமமானது. நிலுவையிலிருந்த வழக்கானால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே கூட்டத்தில் யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்று கையெழுத்திட வேண்டாம். தொகையும் தவணையும் எழுதப்பட்டிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் கையொப்பமிடுக. பிடிக்கவில்லையெனில் மறுத்துவிட்டு வழக்கைத் தொடர உரிமை உண்டு.

நம் அங்கத்தினர்களை அதிகம் வாட்டுவது கடன் பத்திரமே. வெற்றுப் புரோநோட்டில் ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, அப்படிக் கொடுக்கப்பட்ட தாளை நிரப்பிக்கொள்ள வாங்கியவனுக்கே அதிகாரம் தருகிறது. பத்தாயிரம் வாங்கிய நெசவாளி, ஸ்டாம்பு தாங்கும் தொகை வரை லட்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய நிலை இப்படித்தான் உண்டாகிறது. கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அச்சட்டத்தின் துணையை நாட விரும்புவோர், கொடுத்த தவணைகளுக்கு ஏதேனும் எழுத்து அத்தாட்சி வைத்திருந்தால் குழுவின் வேலை எளிதாகும். சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் இடையே எழும் தகராறு மட்டும் வேறு வழியில் செல்லும்: 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி அது பதிவாளரின் விசாரணைக்குரியது. அதை அறியாமல் சிவில் கோர்ட்டில் நாளைக் கழிப்போர் உளர்.

இனி, ஊரைவிட்டுச் செல்வோர். விருத்தாசலம் சந்திப்பில் ரயிலேறினால் சென்னை, திருச்சி, சேலம் எங்கும் போகலாம். நம் பிள்ளைகள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே முதல் தொல்லை குடியிருப்பு. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. அதற்குப் பதிலாக 2017இல் இயற்றப்பட்ட சட்டம் 2019ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நடப்பில் உள்ளது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும். வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது. வீட்டைக் காலி செய்தபின், நியாயமான பிடித்தம் போக ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். குடியிருப்பவரை விரட்டுவதற்காக வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். வாய்ப்பேச்சில் முன்பணம் கொடுத்தவர் கையில் ரசீதுகூட இல்லாமல் போய் நிற்கும்போது எந்த அதிகாரியும் என்ன செய்வார்? பணத்தை வங்கி மூலம் செலுத்தினாலே பாதி வழக்கு வென்றதாகும். வழக்கென்று வந்தால் அந்தந்த ஊர்ச் சட்டப்பணிகள் குழுவே உதவும். விருத்தாசலத்துக்குத் திரும்பி வர வேண்டியதில்லை.

அயல்நாட்டு வேலையில் இழப்பு இன்னும் பெரிது. நிலத்தை அடமானம் வைத்து ஏஜெண்டிடம் பணம் கொடுத்தபின் விசாரிப்பதைக் காட்டிலும், கொடுக்குமுன் விசாரிப்பது எளிது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், பதிவு பெற்ற ஏஜெண்டு மட்டுமே ஆளெடுக்கலாம் என்கிறது. அவர் தொழிலாளியிடம் பெறத்தக்க சேவைக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதன்மேல் வரியும் என விதிகள் வரம்பிட்டுள்ளன. ஒன்றரை லட்சம் கேட்பவன் அந்த ஒன்றினாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் சரிபார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர் சவூதி, குவைத், மலேசியா முதலான நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல இவ்வலுவலகத்தின் அனுமதியும் தேவை. அவர்களைச் சுற்றுலா விசாவில் அனுப்பிவிடுவது மோசடிக்காரர் கையாளும் பழைய வித்தை. அவ்வாறு சென்றவருக்குக் காப்பீடும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் உள்ளது. தனியாரிடம் போகுமுன் அங்கே ஒருமுறை கேட்பது நன்று.

போய்ச் சேர்ந்தபின் கூலி கிடைக்காவிடில், அந்நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தை நாட வேண்டும். திக்கற்றவர்களுக்குத் திரும்பும் பயணச் செலவு முதலியன அளிக்க 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று தூதரகங்களில் இருந்து வருகிறது. சிங்கப்பூரில் அயல்நாட்டுத் தொழிலாளர் மையம் இவ்வித முறையீடுகளைக் கேட்கிறது.

புறப்படுவோர் பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், ஏஜெண்டின் ரசீது ஆகியவற்றின் நகல்களை வீட்டில் ஒரு கட்டும், தம் தொலைபேசியில் படமாக ஒன்றும் வைத்துச் செல்ல வேண்டும். அங்கே முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அப்போது ஊரிலிருந்து மனுக் கொடுக்கும் மனைவிக்கோ தந்தைக்கோ இந்த நகல் கட்டு ஒன்றே ஆதாரம். மனுவை வட்டச் சட்டப்பணிகள் குழுவில் எழுதி வாங்கி, மாவட்ட ஆட்சியரிடம் ஒரு பிரதியும், சென்னைப் பாதுகாவலர் அலுவலகத்துக்கு ஒரு பிரதியும் அனுப்பி, இரண்டுக்கும் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துக.