ஊரே சொல்வது ஆதாரமாகுமா?

கேள்வி: முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'எங்கள் பகுதி வறண்டதற்குச் சீமைக்கருவேலமே காரணம்' என்று ஆய்வுக் கட்டுரை எழுதினேன். பக்கத்துக்குப் பக்கம் 'ஆதாரம்?' என்று குறித்துப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஊரே அறிந்த விஷயத்துக்கு என்ன ஆதாரம் காட்டுவது?
— ஒரு மாணவி, மல்லாங்கிணறு

பதில்: உங்கள் பேராசிரியர் கேட்டது நியாயமான கேள்வி அம்மா. இதே விவகாரம் நீதிமன்றத்துக்கும் போனது. 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டது. அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டக் கூடாது என்று இன்னொரு வழக்கு வர, சில மாதங்களிலேயே சென்னையில் தலைமை நீதிபதி அமர்வு இடைக்காலத் தடை விதித்தது.

உங்கள் ஒரே வாக்கியத்துக்குள் மூன்று கூற்றுகள் இருக்கின்றன: மரம் நிறைய நீர் குடிக்கிறது, அதனால்தான் கிணறுகள் வற்றின, மற்ற காரணங்கள் பெரிதல்ல. முதல் கூற்றுக்கு அளவீடு உண்டு. எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் மரத்தண்டில் கருவி பொருத்தி அளந்து 2021-இல் வெளியிட்டார்கள். ஒரு மரம் நாளொன்றுக்கு 1 முதல் 36 லிட்டர், சராசரியாக 7 லிட்டர் நீர் எடுத்தது. இதை எழுதும்போது 'அஃபாரில்' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அந்த மண்ணும் மழையும் வேறு, நம் கரிசல் வேறு.

சிக்கல் இரண்டாவது கூற்றில்தான். கருவேலம் பெருகியதும் கிணறு வற்றியதும் ஒரே காலத்தில் நடந்திருக்கலாம். அதே காலத்தில்தான் ஆழ்துளைக் கிணறுகளும் பெருகின, கண்மாய்களும் மேடிட்டன. அப்படியிருக்க, பழியை மரத்தின் மேல் மட்டும் எப்படிப் போடுவது? நீர்வளத்துறை கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டப் பதிவையும் அதே ஆண்டுகளின் மழையளவையும் அருகருகே வையுங்கள். கருவேலம் அடர்ந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் 'ஒரு காரணம்' என்று எழுதலாம். 'கருவேலமே' என்பதில் உள்ள ஏகாரத்துக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டும்.

'காமராசர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது' என்று பலரும் எழுதுகிறார்கள். அது அமெரிக்கக் கண்டத்து மரம். சென்னை மாகாண வனத்துறை 1877-இலேயே கடப்பையில் அதன் விதையை ஊன்றியது. உலகின் மோசமான நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இருப்பதாகவும் எழுதுவார்கள். பட்டியலில் இருப்பது புரோசோபிஸ் கிளாண்டுலோசா, நம்மூரில் இருப்பது புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. இரண்டும் உறவுதான், ஆனால் ஒன்றல்ல. மூலத்தைத் திறந்து பார்க்காமல் மேற்கோள் காட்டினால் இப்படித்தான் ஆகும்.

ஊர்ப் பெரியவர்கள் சொல்வதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அதுவும் ஆதாரம்தான், முறையாகக் கேட்டால். எந்தக் கிணறு, எந்த ஆண்டுவரை எத்தனை முழம் தண்ணீர், எப்போது மோட்டார் வைத்தார்கள் என்று பெயர், வயதுடன் எழுதிக்கொள்ளுங்கள். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களிடமும் கேளுங்கள். உங்கள் முடிவுக்கு எதிராக அவர்கள் சொல்வதும் கட்டுரையில் வர வேண்டும்.

நீங்களே காட்டக்கூடிய ஆதாரம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் கருவேலம் எவ்வளவு நீளத்துக்கு அடைத்திருக்கிறது என்று நாடா பிடித்து அளந்து, படமெடுத்து, வரைபடத்தில் குறியுங்கள். கட்டுரையை அந்தப் பகுதியிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.